என்னை ராட்சசின்னு கூப்பிடுங்க

எங்க வீட்டுல யாரையாவது 'கண்ணு', 'ராஜா', 'தங்கம்'னு கூப்பிட்டா அவங்களுக்கு ஏதோ பெருசா வந்திருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கிறவங்க எல்லாரும் ராட்சசன், ராட்சசிதான்.

கல்யாணமாகி வந்த மறுநாளே இது எனக்குத் தெரிஞ்சு போச்சு. புது மருமக, நல்ல பேரு வாங்கணும்னு, சிங்க்ல கிடந்த பாத்திரம் மொத்தத்தையும் ஒரே மூச்சுல தேய்ச்சுக் கவுத்து வச்சேன். அத்தை, அதான் என் மாமியார், வந்து பார்த்தாங்க. இடுப்புல கை வச்சுக்கிட்டு, "அடி ராட்சசி!"ன்னாங்க. எனக்குப் பொசுக்குன்னு கண்ணு கலங்கிருச்சு. பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, சிரிப்பை அடக்க முடியாம, "அடியே, அது திட்டு இல்ல, பிரமோஷன். பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் நானே வெறும் குரங்குதான்"னார்.

அப்புறம் பழகிருச்சு. அதிகம் சாப்பிட்டா ராட்சசன். அசந்து தூங்கினா ராட்சசன். எந்நேரமும் உறுமிக்கிட்டே இருக்கிற பழைய ஃப்ரிட்ஜுக்கும் அதே பேருதான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரு முதலாளி இவரை 'வேலை ராட்சசன்'னு சொல்லுவாரு, அதைக் கேட்டுட்டு வந்து ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரிவார் மனுஷன். கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் என்னை அவர் ராட்சசின்னு கூப்பிடுற தொனி வேற. அதை உங்ககிட்ட சொல்ல முடியாது.

என் மாமனார் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார். அவரையும் அத்தை ராட்சசன்னுதான் சொல்லுவாங்க. அவரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஒரு நாள் அத்தை அவரு முகத்தைத் துடைச்சுவிட்டு, "ராஜா, ரெண்டு வாய் கஞ்சி குடிங்க"ன்னாங்க. அவரு அத்தையைப் பார்க்கலை, என்னைப் பார்த்தார். "டாக்டர் என்னம்மா சொன்னாரு? இவ என்னை ராஜாங்கறா"ன்னார். கஞ்சியை ஆத்துற சாக்குல தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடுத்த வாரம் அவரு இல்லை.

இவ்வளவு கதையும் எதுக்குச் சொல்றேன்னா, அப்பதான் மத்தது உங்களுக்குப் புரியும்.

நான் வீட்டு மின்சாமான் விக்கிற பெரிய கடை ஒண்ணுல வேலை பார்க்கிறேன். விக்கிற பக்கம் இல்லை, திரும்ப வாங்குற கவுண்டர். ஃபேன், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எதைக் கொண்டு வந்தாலும் நான்தான் பார்த்து வாங்கணும், இல்ல முடியாதுன்னு அனுப்பணும். "தொடவே இல்லீங்க, பெட்டியைக்கூடப் பிரிக்கலை"ன்னு சொல்லுவாங்க. உள்ள கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கும். அதனால யார் எதைச் சொன்னாலும் நம்பாம இருக்கிறதுதான் எனக்குச் சம்பளம். எங்க கவுண்டர்ல ஒரே ஒரு சட்டம். வாய் பேச்சு வேண்டாம், பிளக்கைச் சொருகி என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க.

நான் உண்டானதுல இருந்து வயித்துல இருக்கிறதுக்கும் அந்தப் பேருதான். "ராட்சசன் என்ன கேக்குறான்?"னு அத்தை காலையில கேப்பாங்க. வாழைப்பழம்னா வாழைப்பழம், ஆரஞ்சுன்னா ஆரஞ்சு. அசைவு தெரிய ஆரம்பிச்சதும் என் வீட்டுக்காரர் வயித்துக்கிட்ட வாயை வச்சு, "டேய் ராட்சசா, உங்கம்மா விலா எலும்பு ஃபுட்பால் இல்லடா. ஒருவேளை நீ ராட்சசியா இருந்தா மன்னிச்சுக்கோ தாயே"ன்னு பேசிக்கிட்டு இருப்பார்.

ஆறாம் மாசம் ஸ்கேனுக்குப் போனோம். அந்த டாக்டரம்மா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. இது கை, இது முதுகெலும்புன்னு காட்டினாங்க. அப்புறம் ஒரு இடத்துல கருவி நின்னுச்சு. பேச்சும் நின்னுச்சு. முட்ட முட்டத் தண்ணி குடிக்க வச்சிருந்ததால நான் அதைக் கவனிக்கிற நிலைமையில இல்லை. முடிஞ்சதும் பாத்ரூமுக்கு ஓடிட்டேன். திரும்பி வந்தா இவரு அந்த ரூம் வாசல்ல நிக்கிறார். டாக்டரம்மா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

"என்னங்க சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்கு. ரிப்போர்ட்டை இவங்களே பெரிய டாக்டருக்கு அனுப்பிடுவாங்களாம். வா, போலாம்."

சொல்லிட்டு, நான் கேக்காமலே என் கைப்பையை வாங்கிக்கிட்டார். கல்யாணமான நாள்ல இருந்து, மூட்டை தூக்கிக்கிட்டு வந்தாக்கூட, "நீதான் ராட்சசியாச்சே, தூக்கு"ன்னு சொல்ற மனுஷன். எனக்கு அங்கேயே மூக்குல வேர்த்துருச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அத்தையும் அவரும் சமையல்கட்டுல குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ள போனதும் அத்தை சட்டுன்னு குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாங்க. இவரு ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ள பார்த்துக்கிட்டே நின்னார். ஒண்ணையும் எடுக்கலை. ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு திருட்டு முழி.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வேற பொம்பளைன்னு நினைச்சேன். சிரிக்காதீங்க. போனை எப்பவும் கவுத்து வைக்கிறார், பாத்ரூமுக்குக் கொண்டு போறார், நான் பக்கத்துல போனா திரையை அணைக்கிறார். இதைப் பார்த்து ஒருத்தி வேற என்ன நினைப்பா? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தேன். சட்டைப் பையைத் துழாவினேன், ஸ்க்ரூதான் கிடைச்சுது. சட்டையை மோந்து பார்த்தேன். கிரீஸ் வாசனையைத் தவிர வேற ஒரு வாசனையும் இல்லை. கிரீஸ் பூசிக்கிட்டு வர்றவனை எவ சேர்த்துக்குவான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா சந்தேகம் முழுசாத் தீரலை.

ஏன்னா அத்தையும் மாறிட்டாங்க. அவங்களுக்கு என்ன வந்துச்சு? ஒரு நாள் ரொட்டி மொத்தத்தையும் நானே தின்னுட்டேன். முந்தி மாதிரின்னா வீடே ரெண்டுபட்டிருக்கும். அத்தை வெறும் தட்டைப் பார்த்தாங்க. "இன்னும் ரெண்டு போடட்டுமா கண்ணு?"ன்னாங்க.

கண்ணு!

மாமனார் என்னைப் பார்த்த பார்வை அப்படியே ஞாபகம் வந்துச்சு. சரிதான், எனக்குத்தான் ஏதோ வந்திருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறாங்கன்னு நினைச்சேன். கண்ணாடியில நாக்கை நீட்டிப் பார்த்தேன், கண்ணு ரெப்பையை இழுத்துப் பார்த்தேன். கன்னம்தான் பூரிச்சிருந்துச்சு. குத்துக்கல்லு மாதிரி இருந்தேன்.

வம்புக்குன்னே சிலதைச் செஞ்சு பார்த்தேன். அவரு ஆசையா வச்சிருக்கிற டீ கப்பைக் கைதவறின மாதிரி போட்டு உடைச்சேன். "கையில குத்திடப் போகுது, நீ தள்ளு"ன்னு சொல்லிட்டு அவரே பொறுக்கினார். டிவியில ஒரு கார்ட்டூன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பச்சையா ஒரு பூதம் வாயைப் பிளந்துக்கிட்டு வந்துச்சு. அத்தை பாய்ஞ்சு போய் ரிமோட்டை எடுத்து மாத்தினாங்க. செய்தி வந்துச்சு. அத்தை செய்தி பார்த்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் வயித்துல நல்ல உதை. அவரு கையை இழுத்து வச்சேன். கை வயித்து மேல இருக்கு, முகம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. "நல்லா... நல்லா அசையுது"ன்னார். அவ்வளவுதான். வயித்துக்கிட்ட குனியலை.

அன்னிக்கு எனக்கு அழுகை வரலை, கோவம்தான் வந்துச்சு. என்ன எழவைத்தான் மறைக்கிறீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தலை. பிடிமானம் இல்லாம கத்தினா பொய் சொல்றவன் உஷாராயிடுவான், அது என் தொழில் பாடம்.

பிடிமானம் எனக்குக் கவுண்டர்லதான் கிடைச்சுது. ஒருத்தர் கெட்டிலைக் கொண்டு வந்தார், அடி கருகிப் போயிருந்துச்சு. "ஊத்தினேங்க, சுவிட்ச்சைப் போட்டேங்க, பொங்குச்சு, கருகிருச்சு, கம்பெனித் தப்புங்க"ன்னு மூச்சு விடாம சொல்றார். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாத்தையும் சொல்றார், எதை ஊத்தினார்னு மட்டும் வரலை.

"எதைங்க ஊத்தினீங்க?"

"அதான்... ஊத்துறதைத்தான்."

"தண்ணின்னா பொங்காதே?"

மனுஷன் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு, "வீட்டுல பால் காய்ச்சச் சொன்னாங்கம்மா"ன்னு முனகிக்கிட்டே போயிட்டார். பக்கத்து பில்லிங் கவுண்டர்ல இருக்கிற அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "எப்படிடி கண்டுபிடிக்கிற?"ன்னாங்க.

"சும்மா பொய் சொல்றவன் வளவளன்னு பேசுவான்க்கா. மறைக்கிறவன் ஒரே ஒரு வார்த்தையைச் சுத்திச் சுத்திப் போவான்"னு சொன்னேன்.

சொல்லி வாயை மூடலை, தலைக்கு மேல தொங்கின பேனர் கண்ணுல பட்டுச்சு. 'ராட்சதத் தள்ளுபடி!' தினமும் அதுக்கு அடியிலதான் உட்கார்றேன். முந்தின நாள் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தப்ப இவரு அதை நிமிர்ந்து பார்த்துட்டு, அடி வாங்கின மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார். தள்ளுபடின்னா வாயைப் பிளக்கிற ஆளு.

அந்த வார்த்தை. எங்க வீட்டுல அந்த வார்த்தையைக் காணோம்.

ஸ்கேனுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒருத்தர் வாயிலயும் அது வரலை. என்னைச் சொல்லலை, அவரைச் சொல்லலை, ஃப்ரிட்ஜைக்கூடச் சொல்லலை. அப்பதான் எனக்கு உறைச்சுது. எனக்கு நோய் இல்லை, அவருக்கு வேற பொம்பளையும் இல்லை. விஷயம் வயித்துல இருக்கு. ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தவ அப்படியே வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். என்ன இருந்தா, ஒரு குழந்தையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல இவங்களுக்குப் பயம் வரும்?

அரைநாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். அவரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அத்தை பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. நான் செருப்பைக்கூடக் கழட்டலை, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உட்கார்ந்தேன்.

"என்ன கண்ணு, உடம்புக்கு என்ன?"ன்னு அத்தை பதறினாங்க.

"கண்ணுன்னா எங்க வீட்டுல என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் அத்தை. சும்மா இருங்க." அவரு பக்கம் திரும்பினேன். "என்னை ராட்சசின்னு கூப்பிடுங்க."

"என்னடி இது, திடீர்னு..."

"கூப்பிடுங்க. வாய் பேச்சு வேண்டாம். ஓட்டிக் காட்டுங்க."

வாயைத் திறந்தார். ராட்... வரலை. சோத்துக் கையோட மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டார். அவரு தோள் குலுங்கினதை அப்பதான் முதல் தடவையா பார்த்தேன். அவங்கப்பா செத்தப்பகூட அவரு அழலை.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னார். குழந்தைக்கு மேல் உதடு சேரலையாம். மூக்கு வரைக்கும் பிளந்திருக்காம். வாய்க்குள்ள மேல் அண்ணமும் அப்படி இருக்கலாமாம், பொறந்தாதான் தெரியுமாம். மத்ததெல்லாம் நல்லா இருக்காம். பொறந்து சில மாசத்துல ஆபரேஷன் பண்ணித் தைச்சிடலாமாம். அடுத்த செக்கப்ல பெரிய டாக்டர் விளக்கமா சொல்லுவாங்க, அதுவரைக்கும் உங்க சம்சாரத்தைப் பதற வைக்காதீங்கன்னு ஸ்கேன் டாக்டரம்மா சொன்னாங்களாம்.

"இவ்வளவுதானா? இதுக்கா போனைக் கவுத்து வச்சீங்க?"

"படம் பார்த்தேன்டி. அந்த மாதிரிக் குழந்தைங்க படம். ஒரு படத்துக்குக் கீழ எவனோ... நம்ம வார்த்தையைத்தான் எழுதியிருந்தான். கூட சிரிப்புப் பொம்மை வேற. அதுக்கப்புறம் எனக்கு அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது."

அத்தை சுவத்துல சாய்ஞ்சு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. "என் நாக்குதான்டி. ராட்சசன் ராட்சசன்னு நான்தானே ஓயாம சொன்னேன். பச்சை மண்ணு, வயித்துல இருக்கும்போது கேட்டுக்கிட்டே இருந்துச்சே. என் நாக்கைத்தான் இழுத்து வச்சு அறுக்கணும்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. "பைத்தியமா உங்களுக்கு? நீங்க சொன்னதெல்லாம் பலிக்கும்னா இந்தாளு இந்நேரம் குரங்காயில்ல இருக்கணும்? அந்த ஃப்ரிட்ஜுக்குக் கொம்பு முளைச்சிருக்கணுமே?"ன்னு கத்தினேன். அவரு மேலயும் பாய்ஞ்சேன். "என் வயித்துல இருக்கிறதை எனக்குச் சொல்லாம ரெண்டு பேரும் ரகசியம் பேசுறீங்க, நான் என்ன வாடகைக்கு விட்ட வீடா?" கத்தி முடிச்சதும் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கிட்டேன். அப்ப அழுதேன், தலையணை நனையிற அளவுக்கு.

அன்னிக்கே நான் தைரியசாலி ஆயிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. செக்கப்ல பெரிய டாக்டர் பொறுமையா எல்லாம் சொன்னாங்க, எப்படிப் பால் கொடுக்கணும், அதுக்குன்னு தனிப் பாட்டில் இருக்கு, எப்ப தைப்பாங்க, எல்லாம். தலையைத் தலையை ஆட்டினேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் ஒட்டிக்கிட்டு விடலை. இப்ப அவரு மேல இல்லை, அத்தை மேலயும் இல்லை. என் மேலதான். குழந்தையைக் கையில கொடுக்கும்போது நான் எப்படிப் பார்ப்பேன்? எவனோ படத்துக்குக் கீழ எழுதின மாதிரியே என் மனசுலயும் அந்த வார்த்தை வந்துட்டா? ஆயிரம் பேரோட பொய்யைக் கண்டுபிடிச்சவ, என் முகத்தை என்னால நம்ப முடியலை.

வீட்டுல அந்த வார்த்தை திரும்பி வரலை. எல்லாரும் ரொம்ப மரியாதையா பேசிக்கிட்டோம். ஹோட்டல்ல தங்கின மாதிரி இருந்துச்சு.

பொண்ணு பொறந்தா.

நர்ஸம்மா துணியில சுத்திக் கொண்டு வந்தாங்க. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் அத்தை. ரெண்டு பேரும் குழந்தையைப் பார்க்கலை, என்னையே பார்த்தாங்க. நான் குனிஞ்சு பார்த்தேன். உள்ளதைச் சொல்றேன், நெஞ்சு திக்குன்னு ஆச்சு. உதடு பிரிஞ்சு மூக்கு வரைக்கும் திறந்து கிடந்துச்சு. படத்துல பார்த்திருந்தேன், தெரியும், இருந்தாலும் கண்ணு தானா விலகி ஜன்னல் கொக்கிக்குப் போயிருச்சு. கொக்கி துருப்பிடிச்சிருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்த நேரம் அவ கத்தினா பாருங்க! என்ன குரல்! பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். பசி. நான் திரும்பினேன். முகமெல்லாம் செவந்து, கையை முறுக்கிக்கிட்டு, உலகத்து மேலயே கோவமா இருக்கா. இந்தக் கோவம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச கோவம்.

நர்ஸம்மா அந்தத் தனிப் பாட்டிலைக் கொண்டு வந்து, நிமிர்த்தி உட்கார வச்சு, மெல்ல அமுக்கி அமுக்கிக் கொடுக்கச் சொல்லிக் காட்டினாங்க. முதல் தடவை ரொம்பக் குடிக்காது, பொறுமையா கொடுங்கன்னாங்க. பாதி மூக்கு வழியா வந்துச்சு. துடைச்சேன். திரும்பக் கொடுத்தேன். பாட்டில் காலியாச்சு. எடுத்தா திரும்பவும் கத்துறா. நர்ஸம்மாவே, "இன்னுமா?"ன்னுட்டு இன்னொண்ணு எடுக்கப் போனாங்க.

அத்தை பக்கத்துல வந்து குனிஞ்சாங்க. "அழாத கண்ணு, வந்துரும் தங்கம்"னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அவளை அப்படிக் கூப்பிடாதீங்க அத்தை."

"வேற எப்படிடி கூப்பிடுவேன்?"

அவரு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். குனிஞ்ச அத்தையோட முடி அவுந்து குழந்தை கை மேல விழுந்துச்சு. அவ்வளவுதான், லபக்குன்னு பிடிச்சா. அத்தை நிமிரப் பார்த்தாங்க, முடியலை. பிஞ்சு விரலைப் பிரிக்கப் பார்த்தாங்க, அதுவும் முடியலை. வலியில வாய் தானா திறந்துருச்சு.

"ஐயோ, விடுடி ராட்சசி!"

சொன்ன நொடியே வாயைப் பொத்திக்கிட்டாங்க. முடி இன்னும் குழந்தை கையிலதான் இருக்கு. பொத்தின கைக்கு மேல கண்ணு ரெண்டும் என்னையே பார்க்குது, நான் அடிச்சிடுவேன்ங்கிற மாதிரி.

நான் அத்தையோட கையைப் பிடிச்சு வாயில இருந்து எடுத்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மூக்கு ஒழுகுச்சு.

"இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை. அவ இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தா."

அத்தை சொன்னாங்க. இந்தத் தடவை வாயைப் பொத்தலை.